14. இருமலின் எதிரொலி

பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, குடிநீர் நிலையத்தின் இரண்டாம் எண் நிலத்தடித் தொட்டி சுத்தம் செய்வதற்காக வடிக்கப்பட்டது. ஆறாம் தேதி, வியாழக்கிழமை பிற்பகல் அது மறுபடி நிரப்பப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் நான்கு தெருக்களுக்குக் குழாய்த் தண்ணீர் வரவில்லை.

மார்ச் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெரியவள் தன் தம்பி மனைவியுடன் இசைக்கருவிக் கடையின் படிகளில் ஏறினாள். தம்பியின் கிடார் தம்பி மனைவியின் முதுகில் இருந்தது. பெரியவளின் கைப்பையில் ஒரு சின்ன ரெக்கார்டர்.

தம்பி போய் ஐந்தரை வாரமாகிவிட்டது. பிப்ரவரி நான்காம் தேதி மாலையில் வீடு திரும்பாதவன், மறுநாள் காலையில் குடிநீர் நிலையத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கிடந்தான். மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தபோது தவறி விழுந்திருக்கலாம் என்று எழுதி, போலீஸார் கோப்பை மூடிவிட்டார்கள். அவனுடைய கிடார் பையைப் பெரியவளின் கணவர்தான் ரிகர்சல் அறையிலிருந்து எடுத்துவந்ததாகச் சொல்லிக் கொடுத்தார்.

பையின் பக்க ஜிப்புக்குள் ரெக்கார்டர் இருந்ததை இரண்டு வாரம் கழித்துத்தான் தம்பி மனைவி பார்த்தாள். அதில் யாரும் கேட்டிராத ஒரு மெட்டு. பதிவான நாள் பிப்ரவரி நான்கு; மணி நாலு நாற்பது.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி அவனுடைய நினைவாக அவன் இசைக்குழுவினர் வாசிக்கப்போகிறார்கள். அந்த மெட்டைத் தம்பி மனைவி வாசிப்பாள். அதே குழுவில் அவளும் கிடார் வாசிப்பவள்தான். விரல்கள் மெட்டைப் பிடித்துவிட்டன. ஓசைதான் பிடிபடவில்லை. பதிவில் ஒவ்வொரு சுரமும் நின்ற பிறகும் நெடுநேரம் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் செய்வது காலடியில் வைக்கும் சின்னப் பெட்டியான ரிவெர்ப் பெடல் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். தம்பியிடம் இருந்த ரிவெர்ப் பெடலோ டிசம்பரிலேயே கருகிப்போயிருந்தது.

ஆக, புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறான். அது எங்கே?

போன வாரம் பெரியவள் ட்ரம்ஸ் வாசிப்பவனிடம் நேராகவே கேட்டுவிட்டாள். குழுவில் அவனுக்குப் பெயர் இடி. எல்லோரும் உட்கார்ந்திருக்கையில், "எடுத்தவங்க குடுத்துடுங்க. செத்தவன் பொருள்" என்றாள். இடியின் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, நாலாம் தேதி ரூமைப் பூட்டினதே நான்தான். கிடாரே அங்க இல்ல. இல்லாத கிடாரோட பெடலை நான் எங்கேர்ந்து எடுக்கறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

பதினெட்டு வருஷம் கூடவே வாழ்ந்த மனிதர் ஒன்று சொல்கிறார், ட்ரம்ஸ்காரன் வேறொன்று சொல்கிறான். யாரை நம்புவது என்று பெரியவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

*

பெரியவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பக்கத்துப் பல்லோடு சேர்ந்தால் தெரியக்கூடாது, அதுதான் தொழில். ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் நிறப்பட்டைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, இது, இதுவல்ல என்று தள்ளித் தள்ளி, கடைசியில் ஒன்றில் கண் நிற்கும். ஓசையையும் அப்படிப் பொருத்திவிடலாம் என்று நம்பித்தான் வந்திருந்தாள்.

மாடியில் கண்ணாடி அடைத்த சின்ன அறை. சுவர் முழுக்க, ஒரு கைக்கு அடக்கமான தகரப் பெட்டிகள். ரிப்பேர் வேலையும் விற்பனையும் பார்க்கும் மனிதரைக் கடையில் எல்லோரும் சால்டர் என்று கூப்பிட்டார்கள். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஈயம் பற்றவைக்கும் சால்டர் கம்பிச் சுருள்.

"கொண்டாங்க" என்று கிடாரை வாங்கித் தலைப்பக்கம் தடவினார். "தந்தி முறுக்கற ட்யூனிங் சாவில ஒண்ணு புதுசா இருக்கே? மத்த அஞ்சும் பழசு."

"ஒடிஞ்சிருந்துது. நான்தான் மாத்தினேன்" என்றாள் தம்பி மனைவி. "ஒடிஞ்ச துண்டு பைக்குள்ள இல்ல."

"கீழ விழுந்த கிடார்தான் இப்படி ஒடியும். அவர் பொருளைப் போடற ஆள் இல்லையே. எங்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்தாகூட, தூக்கறப்ப பாத்து தூக்குங்கன்னு மூணு தடவை சொல்லுவார்."

அவர் தரையில் மண்டியிட்டு முதல் பெட்டியை மாட்டினார்.

"இது ஸ்பிரிங். பழைய ஆம்ப்ளிஃபயருக்குள்ள சுருள் கம்பி ஆடும் பாருங்க, அந்தச் சத்தம். வாசிங்கம்மா."

தம்பி மனைவி நாலு சுரம் வாசித்தாள். சால்டர் உடனே ரெக்கார்டரில் அதே நாலு சுரத்தை ஓட்டினார். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டாள்.

"இல்ல. இது துள்ளுது. அவனோடது துள்ளல."

"காது இருக்கே உங்களுக்கு! எங்க வேலை பாக்கறீங்க?"

"பல் கட்டற எடத்துல."

"அப்ப எனக்கு ஒரு வேலை இருக்கு உங்ககிட்ட" என்று கடைவாயைக் காட்டினார். ஐந்தரை வாரத்தில் முதல் தடவையாகத் தம்பி மனைவி லேசாகச் சிரித்தாள்.

அடுத்தது ப்ளேட். பெரிய இரும்புத் தகட்டில் ஓசையை அதிரவிட்டால் வரும் தொனி. பளபளவென்று இருந்தது. "பாலிஷ் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் பெரியவள். தள்ளி வைத்தார். அதற்கடுத்தது ஹால், பெரிய மண்டபத்தின் ஓசை. கொஞ்சம் கிட்டே வந்தது. சால்டர் ஒரு குமிழைத் திருகி ஓசையின் வாலை நீட்டினார். இன்னொன்றைத் திருகிக் கூர்மையைக் குறைத்தார். நீலப் பெட்டி, சாம்பல் பெட்டி, வெள்ளைப் பெட்டி. ஒன்பதாவது பெட்டியில் தம்பி மனைவியின் கை சோர்ந்துவிட்டது.

"எல்லாமே நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா எதுவும் அவர் இல்ல."

சால்டர் ரெக்கார்டரைக் கையில் எடுத்தார். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவின் தொடக்கத்துக்குப் போனார். ஒரு தடவை கேட்டார். மறுபடி கேட்டார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மெட்டு தொடங்கறதுக்கு முன்னாடி கேளுங்க."

தம்பி இருமினான். வறட்டு இருமல், ஒரே ஒரு தடவை. அந்த இருமல் நின்றது. ஆனால் நிற்கவில்லை. எங்கோ போய், எதிலோ மோதி, திரும்பி வந்து, மெல்ல மெல்லத் தேய்ந்தது.

"இதுக்கு என்ன?" என்றாள் தம்பி மனைவி. "எப்பவும் இருமிட்டுத்தான் தொடங்குவார்."

"பெடல் எங்க இருக்கும்? கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல. கிடார் சத்தம் மட்டும்தான் அது வழியாப் போகும். மனுஷன் இருமறது எப்படிம்மா பெடல் வழியாப் போகும்?"

"இருமலுக்கும் அதே வால். கிடாருக்கும் அதே வால். ஏழு செகண்ட் நிக்குது, நான் எண்ணிட்டேன். பெடலே கெடையாதுங்க. இது அவர் உக்காந்து வாசிச்ச எடத்தோட சத்தம்."

"என்ன எடம்?" தம்பி மனைவியின் குரல் தணிந்திருந்தது.

"பெரிய எடம். கான்கிரீட். துணி, மரம், தட்டுமுட்டு எதுவும் உள்ள இல்ல. குடோனா இருந்தா மேல தகரம் போட்டிருப்பான், சத்தம் கலகலன்னு போயிடும். இது நாலு பக்கமும் மேலயும் கீழயும் மூடின எடம். நடுவுல நடுவுல சொட்டுது பாருங்க, கேக்குதா? தண்ணி சொட்டுது."

பெரியவளுக்குக் கேட்டது. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

சால்டர் அடுத்த பொத்தானை அழுத்தினார். "இன்னொரு பதிவும் இருக்கே? அஞ்சு அஞ்சுக்கு. நாப்பத்தேழு நிமிஷம் ஓடுது."

"அது ஒண்ணுமில்ல. பைக்குள்ள தானா ஆன் ஆயிருக்கு. ஒரே உரசல் சத்தம். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு விட்டுட்டேன்" என்றாள் தம்பி மனைவி.

அவர் அதன் முதல் சில நொடிகளைப் போட்டார். கனமான ஓர் ஓசை, இரும்பின் மேல் இரும்பு விழுவதுபோல். அதற்கும் ஏழு நொடி வால்.

"தொடங்கறப்பவே பைக்குள்ள இருந்திருந்தா இப்படிக் கேக்காதேம்மா" என்றவர் மேலே ஓட்டவில்லை. பெரியவளின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

அவள் அப்போது வேறொரு நாளில் இருந்தாள். பிப்ரவரி ஐந்தாம் தேதி. வீடு நிறைய ஆட்கள். கை கழுவக்கூடக் குழாயில் தண்ணீர் இல்லை. அவள் கணவர்தான் எங்கிருந்தோ பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் பிடித்து, தோளில் சுமந்து, நாலு தடவை மாடி ஏறி இறங்கினார். மைத்துனன் செத்த வீட்டில் மனுஷன் எப்படி ஓடி ஓடிச் செய்கிறார் பார் என்று வந்தவர்கள் சொன்னார்கள். யாரோ தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இப்போது வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது.

"ரெண்டாம் நம்பர் தொட்டி காலி. நாளைக்குத்தான் நிரப்புவோம்."

அவர் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். தொட்டிகளின் மூடிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"அக்கா, என்ன எடம்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"தெரியலையே" என்றாள் பெரியவள்.

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே அந்நியமாக இருந்தது. தம்பி மனைவி ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு கிடாரைப் பையில் வைக்கத் தொடங்கினாள். ரெக்கார்டரைப் பெரியவள் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பதிவையும் ஒரு நகல் எடுத்து வெச்சிருக்கேன்" என்றார் சால்டர். "எதுக்கும் இருக்கட்டும்."

*

கணவர் மூன்று மணிக்கு வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினார். அது ஆடி நிற்கும்வரை பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெடல் கெடச்சுதா?"

"கெடைக்கல. அப்படி ஒரு பெடலே இல்லையாம்."

"அப்பாடா. ஒரு அலைச்சல் மிச்சம். சாப்பாடு இருக்கா?"

அவள் தட்டை வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்து அழுத்தினாள். தம்பி இருமினான்.

அவர் கை தட்டுக்கு மேலேயே நின்றது.

"என்ன இது?"

"இருமறான்."

"அது தெரியுது."

"நிறுத்தின பிறகும் ஏழு செகண்ட் கேக்குது பாத்தீங்களா? அது பெடல் இல்லையாம். எடம். காலியான கான்கிரீட் எடம். தண்ணி சொட்டற எடம். நாலாம் தேதி நம்ம ஊர்ல காலியா இருந்த எடம் எது?"

"இது வேற யார் யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. பெரியவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் தனக்குள் ஒரு வாதம் நடத்திக்கொண்டிருந்தாள். வேறு தொட்டியாக இருக்கலாம், பாழடைந்த கட்டடமாக இருக்கலாம், சால்டர் பெரிய மேதாவியா என்ன. அந்த ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துபோனது.

"எனக்கு இப்ப நீங்க சொல்லணும்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தான். காலித் தொட்டில ஒரே ஒரு தடவை வாசிக்கணும் மாமான்னு. வெளியாளை உள்ள விட்டா வேலை போயிடும்டான்னேன். அரை மணி நேரம்னு கெஞ்சினான். சுத்தம் பண்ற ஆளுங்க மத்தியானமே முடிச்சுட்டுப் போயிட்டாங்க. நாலேகாலுக்கு மூடியைத் தொறந்துவிட்டேன். ஏணில எறங்கிப் போனான்."

"அப்புறம்?"

"அஞ்சு மணிக்கு மேலதிகாரி வண்டி வந்துடுச்சு. சொல்லாம வந்தார். மூடி தொறந்து கெடந்தா..." அவர் நிறுத்தினார். "சாத்திட்டேன்."

"அவன் உள்ள இருக்கறப்பவா?"

"கொஞ்ச நேரந்தான். சத்தம் போடாதடான்னு சொல்லிட்டுத்தான் சாத்தினேன்."

"வெளிச்சம்?"

அவர் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"கும்மிருட்டுல, கிடாரை முதுகுல மாட்டிக்கிட்டு, அந்த ஏணில..." என்றாள் பெரியவள். "எவ்வளவு நேரம் கழிச்சுத் தொறந்தீங்க?"

"கொஞ்ச நேரம்னு சொல்றேன்ல."

"நாப்பத்தேழு நிமிஷமா?"

முதல் தடவையாக அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு ரெக்கார்டரைப் பார்த்தார். புரிந்தது.

"நான் தொறந்து பாத்தப்ப அவன் இல்ல" என்றார் அவசரமாக. "கிடார் மட்டும் கெடந்துது. அதை எடுத்துட்டு வந்தேன்."

"மூடி சாத்தின தொட்டிலேர்ந்து ஆள் எப்படிங்க இல்லாமப் போவான்?"

குழாயிலிருந்து பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவள் எழுந்து போய் அதை இறுக்கி மூடினாள். திரும்பி வந்தபோது அவர் கை ரெக்கார்டரின் மேல் இருந்தது.

"நீங்க தொறந்தப்ப அவனுக்கு உயிர் இருந்துதா?"

"இதை எங்கிட்ட குடுத்துடு."

"உயிர் இருந்துதான்னு கேட்டேன்."

"அடுத்த வாரம் பொண்ணுக்குப் பரீட்சை. அவளைப் பத்தி யோசிச்சியா?"

"அவளுக்குத் தாய்மாமன் அவன்" என்றாள் பெரியவள். "அதை வேணும்னா நீங்களே வெச்சுக்குங்க. கடையில ரெண்டையும் நகல் எடுத்து வெச்சிருக்காங்க."

அவர் கை மெல்ல விலகியது.

அவருக்கு ஆறடி உயரம். பதினெட்டு வருஷமாக இந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் மேசை சின்னதாகத் தெரியும். இன்று மேசை பெரிதாகத் தெரிந்தது. கெட்ட மனிதர் அல்ல. அதுதான் அவளைக் கொன்றது. வேலை போய்விடும் என்று பயந்து ஒரு மூடியைச் சாத்தினார். அதன் பிறகு செய்ததையெல்லாம் அந்த மூடியைத் திறக்காமல் இருப்பதற்காகச் செய்தார். கால்வாய் உட்பட. தண்ணீர் கேன்கள் உட்பட.

ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு பெரியவள் பால்கனிக்குப் போனாள். முதலில் இடியைக் கூப்பிட்டாள். நாலாவது தடவையில்தான் எடுத்தான்.

"என்னக்கா, இன்னும் என்ன காணாமப் போச்சு?"

"தப்பு என் மேலதான். கால்ல விழச் சொன்னாலும் விழறேன். அன்னிக்கு ரூம்ல கிடார் இல்லன்னு சொன்னியே. அதை எழுதிக் குடுப்பியா?"

"யார்கிட்டக்கா?" என்றான் அவன். குரல் மாறியிருந்தது.

"போலீஸ்ல."

பிறகு தம்பி மனைவியைக் கூப்பிட்டாள். உள்ளே கணவர் சாப்பிடாமல் தட்டின் முன் அப்படியே உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போனில் மணி மூன்று முறை அடித்தது.

"சொல்லுங்கக்கா."

"காலைல நீ கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்" என்றாள் பெரியவள். "எடம் எனக்குத் தெரியும்."

*

மார்ச் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, காவல் நிலையத்தின் எழுத்து உத்தரவுப்படி இரண்டாம் எண் நிலத்தடித் தொட்டி மறுபடி வடிக்கப்பட்டது. அன்று பணியில் இருந்தவர் வேறொரு பம்ப் ஆபரேட்டர். பிற்பகல் மூன்றரைக்குத் தரை தெரிந்தது. ஏணிக்கு நேர் கீழே, வடிகுழியின் ஓரத்தில், ஒடிந்த ட்யூனிங் சாவி ஒன்று கிடந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எண் எழுதினார்கள். அதற்கு முந்தைய எண் ரெக்கார்டருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த இரண்டாவது பதிவை அதுவரை யாரும் முழுதாகக் கேட்டிருக்கவில்லை.

நான்கு தெருக்களுக்கு அன்று தண்ணீர் வரவில்லை.